நர்சம்மா, ஒரு சந்தேகம்: கருத்தடை பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

பிரசவ வார்டுக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை. அதன் மேல் கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர் டியின் மாடல் ஒன்று, ஒரு டப்பா நிரோத் ஆணுறை, நாலைந்து மாத்திரை அட்டை. அரசு மருத்துவமனையில் குடும்பநல ஆலோசனை என்றால் இவ்வளவுதான், அந்த மேசையில் நான் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். கூட வந்த மாமியார் டீ வாங்கப் போகிற ஐந்து நிமிடத்தில்தான் பாதிக் கேள்விகள் வரும், அதுவும் குரலைத் தாழ்த்தி. ஓய்வு பெற்ற பிறகும் ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில், இப்போது வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள். தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துபோய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

1. கருத்தடைன்னா ஆபரேஷன்தானே சிஸ்டர்? வேற என்ன இருக்கு?

நம் ஊரில் இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமே இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்கள் நூறு பேரில் ஏறக்குறைய 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை, ஊசி, காப்பர் டி, ஆணுறை என்று மீதி எல்லாம் சேர்ந்தே பத்துப் பதினொன்றுதான். அதாவது இருபதில் கல்யாணம், வரிசையாக இரண்டு குழந்தை, இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன். நடுவில் எதையும் பயன்படுத்தியதே கிடையாது என்பவர்கள்தான் என் மேசைக்கு அதிகம் வந்தார்கள்.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே இருப்பவை: ஆணுறை, தினமும் போடுகிற மாலா-என் மாத்திரை, வாரம் ஒரு முறை போடுகிற சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி, ஐந்து வருடக் காப்பர் டி, பத்து வருடக் காப்பர் டி, அவசர மாத்திரை, கடைசியாகப் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஆபரேஷன். ஆபரேஷனைக் கடைசியில் சொல்வது வேண்டுமென்றேதான். பெரும்பாலான இடங்களில் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

2. நாள் கணக்கு பாத்து இருந்தா போதாதா? அவரும் வெளியிலதான் விடறாரு.

மாதவிலக்கு கடிகாரம் மாதிரி வருகிறவர்களுக்கே இது முழுசாக நம்பக்கூடியதில்லை. அடுத்த தீட்டு வருவதற்குச் சுமார் 14 நாள் முன்னால் முட்டை வெளிவரும், அது ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும், ஆனால் விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை காத்திருக்கும். அடுத்த தீட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே பின்னோக்கி எண்ணுவது? ஒரு மாதம் 27 நாள், அடுத்த மாதம் 35 நாள் என்று வருகிறவர்கள் இந்தக் கணக்கையே விட்டுவிடுங்கள்.

வெளியில் விடுவதை மட்டும் நம்புகிற நூறு பெண்களில் ஒரு வருடத்தில் ஏறக்குறைய இருபது பேருக்குத் தங்கிவிடுகிறது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது மேல், அவ்வளவுதான்.

3. குழந்தைக்குப் பால் குடுக்கற வரைக்கும் தங்காதுன்னு எங்கம்மா சொல்றாங்க, நெசமா?

பாதி நிஜம். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் செல்லும்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டும், உங்களுக்குத் தீட்டு திரும்பி வந்திருக்கக் கூடாது. இதில் ஒன்று போனாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அப்புறம் இன்னொன்று, தீட்டு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே முட்டை வந்துவிடும். அதனால்தான் "பிள்ளை பெத்ததுக்கு அப்புறம் குளிக்கவே இல்ல, எப்படி முழுகாம ஆனேன்?" என்று எட்டு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

பால் கொடுக்கும்போது மாலா மாதிரி மாத்திரை வேண்டாம், ஆறு மாதம் போகட்டும். சாயா, ஆணுறை, காப்பர் டி, ஆறு வாரத்துக்குப் பிறகு அந்தரா, இவை பாலைப் பாதிக்காது.

4. கல்யாணமாகாத பொண்ணுக்கு டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. நாளைக்கு குழந்தை பிறக்காமப் போயிடாதா?

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரைத் திட்ட வந்த அம்மாக்களையே பார்த்திருக்கிறேன். சினைப்பையில் நீர்க்கட்டி இருந்து தீட்டு மூன்று மாதம் நான்கு மாதம் தள்ளிப்போகிறவர்களுக்கும், தாங்க முடியாத வலி, அதிக ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கும் இதே மாத்திரைதான் மருந்து. பெட்டியில் 'கருத்தடை' என்று அச்சடித்திருப்பதால் அது ஒழுக்கச் சான்றிதழ் ஆகிவிடாது.

நிறுத்தினால் அடுத்த ஒன்றிரண்டு மாதங்களில் முட்டை வழக்கம்போல வரத் தொடங்கிவிடும். குழந்தைப்பேறு பாதிப்பதில்லை. புதிதாகக் கல்யாணமானவர்களும் இதையேதான் பயப்படுகிறார்கள். கல்யாணமாகி மூன்று மாதத்தில் "விசேஷம் உண்டா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கத் தொடங்கிவிடுகிற ஊரில் பத்தொன்பது வயதுப் பெண் "படிப்பு முடியட்டும்" என்று சொல்வதே பெரிய காரியம், அதற்கு மேல் மலட்டுப் பயத்தையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம். மாத்திரை ஒத்துவராதவர்களும் உண்டு: ரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டாலோ சிலவகை வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலோ இந்த மாத்திரையின் சக்தி குறையும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

5. ரெண்டு நாள் மாத்திரை போட மறந்துட்டேன். கறுப்பு மாத்திரையை வேற மாமியாருக்கு சத்து மாத்திரைன்னு குடுத்துட்டேன்.

கடைசியிலிருந்து வருகிறேன். மாலா-என் அட்டையில் 28 மாத்திரை: 21 வெள்ளை, அவைதான் கருத்தடை மருந்து. மீதி ஏழும் வெறும் இரும்புச் சத்து, மாமியாருக்கு நல்லதுதான் செய்திருக்கிறீர்கள். அந்த ஏழு நாளை வைத்திருப்பதே மாத்திரை போடும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான்.

வெள்ளை மாத்திரை ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள், ஒன்றும் ஆகாது. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், உடனே ஒன்றைப் போட்டு, மீதியைத் தினம் ஒன்றாகத் தொடர்ந்து, அடுத்த ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். மறந்தது வெள்ளையின் மூன்றாவது வாரத்தில் என்றால் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டையைத் தொடங்கிவிடுங்கள். மறந்தது முதல் வாரத்தில், அந்த நாட்களில் சேர்ந்தும் இருந்தீர்கள் என்றால் 9வது கேள்வியைப் பாருங்கள். அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தால் மறக்கத்தான் செய்யும், பல் தேய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

6. காப்பர் டி மேல ஏறி நெஞ்சுக்குப் போயிடுமாமே? அவருக்கும் குத்துமாமே?

கர்ப்பப்பை ஒரு மூடின பை. அங்கிருந்து நெஞ்சுக்கு ரோடு கிடையாது. போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது மிக அரிதாக நடக்கிறது, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, அதற்காகத்தான் போட்ட சில வாரத்தில் ஒருமுறை வந்து காட்டச் சொல்வது. அதைவிட அதிகம் நடப்பது தானாக நழுவி வெளியே வந்துவிடுவது, அதிலும் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டவர்களுக்கு.

நூல் குத்துமா என்று கேட்பவர்கள் கையில் மாடலின் நூலைக் கொடுத்துவிடுவேன். மீன் வலை நரம்பு மாதிரி மெல்லிசாக இருக்கும். விரல் நுனியில் உருட்டிப் பார்த்துவிட்டு "இவ்ளோதானா?" என்பார்கள். உறுத்துகிறது என்று கணவர் சொன்னால் நூலைக் கொஞ்சம் கத்தரித்துக்கொள்ளலாம், எடுக்கவே வேண்டியதில்லை.

உண்மையான தொந்தரவு வேறு. முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை தீட்டு அதிகமாகவும் வலியோடும் போகலாம். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதைச் சொல்லாமல் பிரசவ மேசையிலேயே போட்டு அனுப்புவதும், "எனக்குப் போட்டதே தெரியாது" என்று ஒரு பெண் வந்து அழுவதும் நான் கண்ணால் பார்த்தவை. உங்கள் சம்மதம் கேட்காமல் எதையும் உங்களுக்குள் வைக்கக் கூடாது, எடுக்கச் சொன்னால் "அஞ்சு வருஷம் ஆகட்டும்" என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

7. அந்தரா ஊசி போட்டதிலிருந்து தீட்டே வரலை. கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடாதா?

தங்காது. அந்த ஊசி கர்ப்பப்பையின் உள்படலத்தை வளரவிடாமல் மெல்லிசாக வைத்திருக்கிறது, கழித்து வெளியேற்ற உள்ளே ஒன்றும் சேர்வதில்லை. முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படலாம், அப்புறம் பலருக்கு நின்றே விடும். சோகை உள்ளவர்களுக்கு அது லாபம்.

ஆனால் நிறுத்தியவுடன் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றதில்லை. கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க ஏழிலிருந்து பத்து மாதம் ஆவது சகஜம். நிரந்தரமாகப் பாதிக்காது, தாமதம்தான், அதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

8. வாரம் ஒரே ஒரு மாத்திரையா? ஏமாத்து வேலை மாதிரி இருக்கே.

சாயாவைச் சொல்கிறீர்கள். நம் நாட்டிலேயே, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தது. 1991ல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. இதில் ஹார்மோன் இல்லை, அதனால் குமட்டல், தலைவலி குறைவு. முதல் மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாள், உதாரணத்துக்கு ஞாயிறும் புதனும். அதற்குப் பிறகு ஞாயிறு மட்டும். தீட்டு வந்தாலும் வராவிட்டாலும் நிறுத்தக் கூடாது. சிலருக்கு இதில் தீட்டு தள்ளிப்போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தி, நிஜமாகவே கர்ப்பமானவர்கள் உண்டு. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் இது வேண்டாம்.

9. காண்டம் கிழிஞ்சிடுச்சு. மெடிக்கல்ல கேட்டா அந்த மாத்திரை இல்லவே இல்லைன்னு சொல்லிட்டாங்க.

நீங்கள் கேட்டது அவசர மாத்திரை: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. தீட்டு ஒரு வாரம் முன்னே பின்னே ஆகலாம். மூன்று வாரமாகியும் வரவில்லை என்றால் சிறுநீர்ச் சோதனை செய்துவிடுங்கள்.

மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று 2005லேயே மத்திய அரசு அனுமதித்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பல வருடமாக இது கிடைப்பது குதிரைக்கொம்பு. பெங்களூரில் இருந்து வருகிற தோழியிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. மூன்று நாள் கெடு உள்ள மருந்தை ஊர் ஊராகத் தேடச் சொல்வது என்ன நியாயம்? அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள், மகப்பேறு மருத்துவரிடமும் கேட்கலாம். ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டாலும் அதே வேலையை, இன்னும் நன்றாகவே செய்யும். மாதாமாதம் இந்த மாத்திரையையே நம்ப வேண்டாம், வழக்கமான முறைகளைவிடப் பலன் குறைவு.

10. நாள் தள்ளிப்போச்சு. கடையில கலைக்கிற மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாமா? பப்பாளி, எள்ளு எல்லாம் சாப்பிட்டுப் பாத்துட்டேன்.

பப்பாளியும் எள்ளும் கருப்பட்டியும் கருவைக் கலைக்காது, வயிற்றைத்தான் கலக்கும். கலைக்கிற மாத்திரை முந்தின கேள்வியில் சொன்ன மாத்திரை இல்லை, முற்றிலும் வேறு. டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், 9 வாரம் வரைதான். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, முட்டை வரும் குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் போட்டால் உயிருக்கே ஆபத்து. பாதி கலைந்து, நாலு நாள் ரத்தம் போய், கை கால் வெளுத்து ஆட்டோவில் வந்து இறங்கியவர்களை இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு மறைவாகச் செய்யத் தேவையே இல்லை. கருக்கலைப்பு 1971ல் வந்த சட்டத்தின்படியே நடக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு கருத்தடை தவறிப்போனது என்ற காரணத்தைக் கல்யாணமாகாத பெண்ணும் சொல்லலாம். 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் போதும். 18 வயது நிரம்பியிருந்தால் உங்கள் கையெழுத்து மட்டும்தான் வேண்டும், கணவருடையது வேண்டாம். சில இடங்களில் கேட்கிறார்கள், சட்டம் கேட்கவில்லை.

11. ஆபரேஷன்ல கர்ப்பப்பையை எடுத்துடுவாங்களா? உடம்பு பெருத்துடும்னு சொல்றாங்க.

கர்ப்பப்பை அதன் இடத்தில்தான் இருக்கும், சினைப்பையும் இருக்கும், தீட்டும் மாதாமாதம் வரும். முட்டை வரும் இரண்டு குழாய்களை மட்டும் கட்டி வெட்டுகிறார்கள், லேப்ராஸ்கோப் என்றால் ரப்பர் வளையம் போடுகிறார்கள். உடம்பு பெருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு பிரசவம், முப்பது வயது, நெய்ச் சோறு, இதற்கெல்லாம் பழியை ஆபரேஷன் வாங்கிக்கொள்கிறது.

பயப்பட வேண்டியது அவசரமாக, கும்பலாகச் செய்வதைத்தான். 2014ல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் ஒரு டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார், பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களை நிறுத்தச் சொன்னது.

12. அவருக்கு ஆபரேஷன்ல இஷ்டமில்லை. கையெழுத்துப் போடமாட்டேங்கறாரு.

அவர் கையெழுத்து தேவையில்லை. அரசு விதியில் உள்ளவை: 22க்கு மேல் 49க்குள் வயது, திருமணமானவராக இருத்தல், ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்றாவது இருத்தல், உங்கள் சுய சம்மதம். வலியில் துடிக்கும்போது நீட்டிய பேப்பரில் வாங்குகிற கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன், அதையெல்லாம் மாசமாக இருக்கும்போதே நிதானமாகப் பேசி முடிவு செய்துவிடுங்கள். பெரியார் 1930லேயே கருத்தடையை ஆதரித்து எழுதியபோது, ஜனத்தொகை குறைய வேண்டும் என்பதற்காக அல்ல, பெண் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன் என்றார். அரசு விளம்பரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

13. ஆம்பளைக்குப் பண்ணினா பலம் போயிடும், மூட்டை தூக்க முடியாதுங்கறாங்க என் மாமியார்.

ஆணுக்குச் செய்வது வாசக்டமி, விந்தணு வரும் குழாயை மட்டும் கட்டி வெட்டுவது. கத்தி வைக்காத வாசக்டமி கால் மணி நேர வேலை, வயிற்றைத் திறக்க வேண்டாம், தையலும் இல்லை. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனமான வேலை வேண்டாம். ஆண் ஹார்மோன் ரத்தத்தில் நேராகக் கலப்பது, அது குழாய் வழியாகப் போவதே இல்லை, அதனால் மீசையும் ஆசையும் அப்படியே இருக்கும். விந்து வரும், அதில் அணு இருக்காது. ஒரே ஒரு நிபந்தனை: முதல் மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து அணு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது, ஆபத்து குறைவு, தவறுவதும் குறைவு. இருந்தும் தமிழ்நாட்டில் செய்துகொண்டவர்கள் நூறில் ஒருவர்கூட இல்லை. ஒரு காலத்தில் இப்படி இல்லை, 1971ல் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். எமர்ஜென்சியில் பிடித்துக்கொண்டு போய்ச் செய்ததில் ஆண்களுக்கு வந்த பயத்துக்கு விலையைப் பெண்களின் வயிறு கொடுக்கிறது. என் மேசைக்கு மனைவிக்குப் பதில் தானே வந்து உட்கார்ந்த ஒரு லாரி டிரைவர், "ரெண்டு சிசேரியன் அவ வயித்துல, இன்னொரு தடவை எதுக்கு?" என்றார். அப்படிச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

14. ஆபரேஷன் பண்ணி மூணு வருஷம் ஆச்சு, இப்போ நாள் தள்ளிடுச்சு. அது எப்படி?

இருநூறு பேரில் ஒருவருக்கு முதல் வருடத்திலேயே தவறலாம், பிறகும் வாய்ப்பு முழுசாகப் போவதில்லை. உடனே சோதனை செய்யுங்கள், இதில் காத்திருக்கவே கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு தங்குகிற கரு குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

தவறிப்போனதற்கு அரசு இழப்பீடு உண்டு, தெரியவந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆபரேஷன் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நடக்காது, அதைப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். கலைக்க வேண்டும் என்றாலும் சட்டப்படி இடமுண்டு, 10வது பதிலில் இருக்கிறது.

15. குழாயை மறுபடி சேத்து விட முடியுமா?

முடியும், ஆனால் பலன் நிச்சயமில்லை. எவ்வளவு குழாய் மிச்சம் இருக்கிறது, என்ன வயது என்பதைப் பொறுத்தது. 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கடலோரத் தாய்மார்களில் பலர் ஏற்கெனவே கு.க. செய்துகொண்டவர்கள், அவர்களுக்கு மறு இணைப்பு அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்துதர அரசு முன்வந்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது, எல்லோருக்கும் இல்லை. இருபத்துமூன்று வயதில் ஆபரேஷன் கேட்டு வருகிறவர்களிடம் பத்து வருடக் காப்பர் டி பற்றி ஒருமுறை யோசியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

16. பதினேழு வயசுப் பொண்ணு, யார்கிட்டயும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வருமா?

மறைக்காமல் சொல்கிறேன். 18க்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் தெரிவித்தாக வேண்டும், பெண் சம்மதித்தாள் என்பது அங்கே செல்லாது, அவளுக்குக் கல்யாணமே ஆகியிருந்தாலும் அப்படித்தான். கலைப்பதற்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். ஆனால் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கருக்கலைப்புக்கு வருகிற சிறுமியோ அவள் பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், டாக்டர் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை. இது தெரியாமல் பயந்து ஐந்தாவது மாதம் வரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் வருகிறாளோ அவ்வளவு நல்லது, நம்புகிற ஒரு பெரியவரோடு வரட்டும். உடம்பைப் பொறுத்தவரை, ஆபரேஷனைத் தவிர மற்ற முறைகளை இந்த வயதுக்காக மட்டும் மறுக்க வேண்டியதில்லை, அந்தரா மட்டும் எலும்பு அடர்த்தி காரணமாக டாக்டரிடம் யோசித்துப் போட வேண்டும்.

17. எனக்கு 46. தீட்டு ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டிதான் வருது. இனிமே எதுக்கு இதெல்லாம்?

ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் முட்டையும் எப்போதாவது வருகிறது என்றுதான் அர்த்தம். மகளுக்கு வளைகாப்பு நடத்தின மாதத்தில் தனக்கும் நாள் தள்ளியிருக்கிறது என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்த அம்மாவை எப்படி மறப்பேன். ஐம்பது வயதுக்கு மேல் என்றால் கடைசித் தீட்டிலிருந்து ஒரு வருடம், ஐம்பதுக்குக் கீழ் என்றால் இரண்டு வருடம் கழியும் வரை ஏதாவது ஒரு முறை வேண்டும். 40 வயதுக்குப் பிறகு போட்ட காப்பர் டி என்றால் அதுவரை அப்படியே இருக்கட்டும், அதற்கப்புறம் மறக்காமல் வந்து எடுத்துவிடுங்கள்.